ஒற்றை விரல் காட்டினால் எத்தனை பீர் வரும்? - நாட்டுக்கு நாடு மாறும் 'ஆர்டர்' பழக்கங்கள்!

பாஸ்போர்ட், விசா, ஸ்வெட்டர், சாம்பார்ப் பொடி என்று லிஸ்ட் போட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் வெளிநாட்டுக்குப் படிக்கவோ, வேலைக்கோ கிளம்புகிறோம். போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், "எல்லாரும் போறோம், நீயும் வா" என்று மொத்த டீமும் ஒரு பாருக்குள் நுழையும். அங்கேதான் முழிப்போம். யாரிடம் ஆர்டர் சொல்வது? உட்கார்ந்த இடத்துக்கே வருமா? பில் யார் தலையில்? 'எனக்குப் போதும்' என்பதை எப்படிச் சொல்வது? நாம் போட்ட எந்த லிஸ்ட்டிலும் இதற்கு பதில் இருக்காது.

நம்மூர் டாஸ்மாக் கவுன்ட்டரில் பிராண்டு பெயரைச் சொல்லி, "கூலிங் இருக்கா?" என்று கேட்டால் வேலை முடிந்தது. 650 மி.லி பாட்டில் கைக்கு வந்துவிடும். ஆனால், பல நாடுகளில் ஒரு பீர் கேட்பதற்குப் பின்னால் எழுதப்படாத சட்டமே இருக்கிறது. அதை மீறினால் யாரும் அடிக்க வர மாட்டார்கள். ஆனால், கேட்காத பீர் வந்து நிற்கும், கேட்ட பீர் வராது, அல்லது உங்கள் பெயர் 'கஞ்சம்' என்று ஆகிவிடும்.

இது குடிப்பவர்களுக்கான கட்டுரை மட்டும் அல்ல. குடிக்காமல் கூட்டத்தோடு போய் உட்கார்பவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

எழுந்து போகணுமா, உட்கார்ந்தே கேட்கலாமா?

இங்கிலாந்து பப்பில் நல்ல டேபிளாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, சப்ளையர் வருவார் என்று காத்திருந்தால் ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். பெரும்பாலான பப்களில் நீங்களேதான் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டு, கையோடு காசு கொடுத்து, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

வரிசையில் நிற்பதற்குப் பெயர்போன ஆங்கிலேயர்கள் பார் கவுன்ட்டரில் மட்டும் வரிசையில் நிற்க மாட்டார்கள். கவுன்ட்டர் நீளத்துக்கும் பரவி நிற்பார்கள். அதைப் பார்த்து, 'சரி, இடிச்சுக்கிட்டுப் போயிடலாம்' என்று நினைத்துவிடாதீர்கள். யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்ற கணக்கு, கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர் மனதிலும், வெளியே நிற்கும் ஒவ்வொருவர் மனதிலும் ஓடிக்கொண்டே இருக்கும். மானுடவியலாளர் கேட் ஃபாக்ஸ் இந்த 'கண்ணுக்குத் தெரியாத வரிசை'யைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இங்கே கை தட்டுவது, விரல் சொடுக்குவது, ரூபாய் நோட்டை ஆட்டுவதுபோல பவுண்டு நோட்டை ஆட்டுவது எல்லாமே அநாகரிகம். கவுன்ட்டரை ஒட்டி நின்று, காலி கிளாஸையோ, கார்டையோ கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவரின் கண்ணைப் பார்த்தாலே போதும். அவர் லேசாகத் தலையசைத்தால், 'உன்னைப் பார்த்துட்டேன், வர்றேன்' என்று அர்த்தம். உங்களுக்கு முன்னால் வந்தவர் நிற்கும்போது உங்களிடம் ஆர்டர் கேட்டால், "இவர்தான் முதல்ல வந்தார்" என்று கைகாட்டுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கே உங்களுக்கு அந்தக் கடையில் மரியாதை கூடிவிடும்.

அப்படியே ஜப்பானுக்கு வாருங்கள். 'இஸகாயா' எனப்படும் அந்த ஊர் மதுக்கூடங்களில், உட்கார்ந்த இடத்திலிருந்தே "சுமிமாசேன்!" என்று குரல் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். 'மன்னிக்கணும்' என்பதுதான் அதன் பொருள். லண்டனில் முகம் சுளிக்கவைக்கும் சத்தம், டோக்கியோவில் சாதாரணம். கொரியாவில் பல கடைகளில் டேபிளிலேயே காலிங் பெல் பட்டன் இருக்கும். அழுத்தினால் ஆள் வருவார்.

ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் உட்கார்ந்தால் ஆள் தேடி வருவார். முன்பின் தெரியாதவர்களுடன் டேபிளைப் பகிர்ந்துகொள்வதும் அங்கே சகஜம். "இந்த இடம் காலியா?" என்று கேட்டுவிட்டு உட்காரலாம். ஆனால், 'ஸ்டாம்டிஷ்' என்று பெயர்ப்பலகை வைத்த டேபிளில் மட்டும் உட்காராதீர்கள். அது அந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளர்களுக்கு உரியது. நம்மூர் டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணிக்குப் பேப்பர் படிக்கும் பெரியவருக்கு என்று ஓர் இடம் இருக்குமே, அதே கதைதான். அங்கே போர்டு வைத்திருக்கிறார்கள், அவ்ளோதான்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மரத்தடியில் நடக்கும் 'பியர்கார்டன்'களில் இன்னொரு விசேஷம் உண்டு. துணி விரித்த டேபிள் என்றால் சப்ளையர் வருவார். விரிக்காத டேபிள் என்றால் நீங்களே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால், அந்த டேபிளில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்துவைத்துச் சாப்பிடலாம். பீர் மட்டும் அங்கே வாங்கினால் போதும். கட்டுச்சோற்று மூட்டையோடு போகும் குடும்பங்களை அங்கே சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம்.

எந்த விரல் 'ஒண்ணு'?

சத்தமான இடத்தில் வாயால் சொல்வதைவிட விரலால் காட்டுவது சுலபம் என்று நினைப்போம். அதிலும் வில்லங்கம் இருக்கிறது.

நாம் ஆள்காட்டி விரலில் இருந்து எண்ணுவோம். ஜெர்மானியர்கள் கட்டை விரலில் இருந்து எண்ணுவார்கள். கட்டை விரல் ஒன்று, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் இரண்டு. எனவே, ஆள்காட்டி விரலை நீட்டும்போது உங்கள் கட்டை விரலும் கொஞ்சம் விலகியிருந்தால் இரண்டு கிளாஸ் வந்து உட்காரும் வாய்ப்பு உண்டு. க்வென்டின் டாரன்டினோவின் 'இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' (2009) படம் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஜெர்மன் அதிகாரியாக வேஷம் போட்ட பிரிட்டிஷ் ஒற்றன், மதுக்கூடத்தில் மூன்று கிளாஸ் கேட்கும்போது நடுவிலுள்ள மூன்று விரல்களைக் காட்டுவான். ஜெர்மானியன் என்றால் கட்டை விரலையும் சேர்த்துத்தான் காட்டியிருப்பான். அங்கேயே அவன் குட்டு உடைந்துவிடும்.

அதே 'ஜெர்மன் இரண்டை' சீனாவில் காட்டிவிடாதீர்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் அங்கே பொதுவாக எட்டு! கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு. ஒரே கையில் பத்து வரை எண்ணும் முறை அவர்களுடையது. விரலைக் காட்டுவதோடு, அந்த ஊர் மொழியில் ஒன்று, இரண்டு என்ற இரண்டு சொற்களையாவது கற்றுக்கொண்டு போவது பர்ஸுக்கு நல்லது.

'ஒரு பீர்' என்றால் எவ்வளவு?

பிரிட்டனில் 'பைன்ட்' என்பது 568 மி.லி. பாதி வேண்டும் என்றால் 'ஹாஃப்'. "ஒரு பீர்" என்று மொட்டையாகக் கேட்டால், எந்த பீர், பைன்ட்டா ஹாஃபா என்று திருப்பிக் கேட்பார்கள். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் குழப்பம். சிட்னியில் 'ஸ்கூனர்' கேட்டால் 425 மி.லி வரும். அதே பெயரைச் சொல்லி அடிலெய்டில் கேட்டால் 285 மி.லி-தான். அடிலெய்டில் 'பைன்ட்' என்று கேட்டால் வருவது 425. முழு பைன்ட் வேண்டும் என்றால் 'இம்பீரியல் பைன்ட்' என்று கேட்க வேண்டும். மெல்பர்னில் 'பாட்' என்று சொல்லும் 285 மி.லி கிளாஸுக்கு சிட்னியில் பெயர் 'மிடி'. ஒரே நாடு, ஒரே பீர், மாநிலத்துக்கு மாநிலம் வேறு பெயர்.

ஜெர்மனிக்குள்ளேயே இரண்டு துருவங்கள் உண்டு. மியூனிக்கின் 'மாஸ்' ஒரு லிட்டர் பிடிக்கும். கொலோன் நகரின் 'கோல்ஷ்' பீர் வருவதோ 200 மி.லி ஒல்லி கிளாஸில். சின்ன கிளாஸ் என்றால் சூடாகும் முன்பும் நுரை அடங்கும் முன்பும் குடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஸ்பெயினில் 'கான்யா' என்ற சின்ன கிளாஸை விரும்பிக் கேட்பதும் இதே காரணத்துக்குத்தான். கிரனாடா நகரத்தில் அதோடு ஒரு தட்டு 'டாப்பாஸ்' இலவசமாகவே வரும். சைடு டிஷ் காசு மிச்சம்.

நுரை அதிகமாக இருந்தால், 'ஏமாத்திட்டாங்கப்பா' என்று நமக்குத் தோன்றும். செக் குடியரசில் நுரைதான் தரம். உலகில் ஆளுக்கு இவ்வளவு பீர் என்று கணக்குப் போட்டால் நீண்டகாலமாக முதலிடத்தில் இருக்கும் நாடு அது. 1842-ல் பில்சன் நகரத்தில் பிறந்ததுதான் 'பில்ஸ்னர்' வகை. அங்கே ஒரே குழாயிலிருந்து மூன்று விதமாகப் பிடித்துத் தருவார்கள். மூன்று விரல் அளவு நுரையோடு வருவது 'ஹ்லாடிங்கா'. பீர் குறைவாக, நுரை கூடுதலாக வருவது 'ஷ்னிட்'. கிளாஸ் முழுக்கக் கிட்டத்தட்ட நுரையாகவே வருவது 'ம்லீகோ'. அதற்குப் 'பால்' என்று அர்த்தம். ஜெர்மனியில் கிளாஸிலேயே அளவுக்கோடு போட்டிருக்கும். பீர் அந்தக் கோட்டைத் தொட்டிருக்கிறதா என்று பாருங்கள். நுரை அதற்கு மேலே வருவதுதான் முறை.

கென்யாவிலும் டான்சானியாவிலும் பிராண்டுக்கு அடுத்த கேள்வி, "மோட்டோ? பரிடி?" சூடா, குளிரா என்று அர்த்தம். சூடு என்றால் கொதிக்கவைத்தது அல்ல, ஃப்ரிட்ஜில் வைக்காதது. 'கூலிங் இருக்கா' என்று கேட்டே பழகிய நமக்கு, கூலிங் வேண்டாம் என்று கேட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் ஆச்சர்யமாகத்தான் இருக்கும்.

பில் யாருடையது?

நட்பு வளர்வதும் உடைவதும் இந்த இடத்தில்தான்.

பிரிட்டன், அயர்லாந்தில் 'ரவுண்டு' முறை. ஐந்து பேர் போனால், ஒருவர் ஐந்து பேருக்கும் வாங்கி வருவார். அது முடியும்போது அடுத்தவர் எழுந்து போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெயர் 'ஷவுட்'. நம்மூர் மொய்க் கணக்கு மாதிரிதான் இதுவும். வாங்கியதைத் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். மொய் நோட்டாவது எழுதிவைப்பார்கள். இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மூன்று பேர் வாங்கிக்கொடுத்ததைக் குடித்துவிட்டு, தன் முறை வருவதற்குள் "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்புபவரை அந்த ஆபீஸ் வருடக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும்.

ரவுண்டு முறையின் இன்னொரு முகம், ஐந்து பேர் போனால் ஐந்து கிளாஸ் குடித்தே ஆக வேண்டிய நிலை. இந்தப் பழக்கம் அரசாங்கத்தையே கவலைப்பட வைத்திருக்கிறது. முதல் உலகப் போர் நேரத்தில், தொழிற்சாலை வேலை கெடுகிறது என்று 1915-ல் பிரிட்டனில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக்கொடுப்பதையே பல பகுதிகளில் தடை செய்தார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் பார்களை மாலை 6 மணிக்கே மூடும் சட்டம் வந்தது. விளைவு, வேலை 5 மணிக்கு முடிந்ததும் ஓடிவந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தவரை ஊற்றிக்கொண்டார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1955 வரைக்கும், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் 1966 வரைக்கும் இது நீடித்தது.

ரவுண்டில் இருந்து கௌரவமாக விலக வழி இருக்கிறது. ஆனால், அதை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும். முதல் ரவுண்டு வாங்க ஒருவர் எழும்போதே, "நான் சீக்கிரம் கிளம்பணும், எனக்கு நானே வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அல்லது ரவுண்டில் இருங்கள், உங்கள் முறை வந்தால் எல்லோருக்கும் வாங்கிக்கொடுங்கள், உங்களுக்கு மட்டும் லெமனேடோ, கோலாவோ கேளுங்கள். ரவுண்டில் முக்கியம் உங்கள் முறைக்கு எழுந்து போவதுதான். உங்கள் கிளாஸில் என்ன இருக்கிறது என்பது இல்லை.

ஜெர்மனியில் சப்ளையர் கடைசியில், "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார். தனித்தனி என்றால் ஒவ்வொருவரும் தான் சாப்பிட்டதைச் சொல்லிக் காசு கொடுக்கலாம். அதில் கூச்சமே தேவையில்லை. பல கடைகளில் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில்தான் ஒவ்வொரு பீருக்கும் ஒரு கோடு போடுவார்கள். அந்த அட்டைதான் உங்கள் பில். விளையாட்டாகக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். செக் குடியரசில் அதேபோல ஒரு துண்டுச் சீட்டை டேபிளில் வைத்துக் கோடு போடுவார்கள்.

அமெரிக்காவில் கார்டை வாங்கிவைத்துக்கொண்டு 'டேப்' திறப்பார்கள். கிளம்பும்போது அதை மறக்காமல் முடித்துவிட்டு வர வேண்டும். ஒரு பீருக்கு ஒன்று, இரண்டு டாலர் டிப்ஸ் அங்கே எழுதப்படாத கட்டணம். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கமே இல்லை. வைத்துவிட்டு வந்தால், "சார், காசை மறந்துட்டீங்க" என்று பின்னாலேயே ஓடிவரவும் கூடும். ஆனால், நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் 'ஓட்டோஷி' என்ற தொடுகறி வரும். அது இலவசம் இல்லை. உட்கார்ந்ததற்கான கட்டணம் மாதிரி பில்லில் சேர்ந்துவிடும்.

யார் ஊற்றுவது, எப்போது குடிப்பது?

ஜப்பானில் கூட்டமாகப் போனால், "தோரியாயெஸு பீரு" என்ற குரல் முதலில் கேட்கும். 'இப்போதைக்கு பீர்' என்று பொருள். எல்லோரும் ஒரே பானத்தோடு சீக்கிரம் தொடங்குவதற்கான ஏற்பாடு அது. எல்லோர் கையிலும் கிளாஸ் வந்து, "கம்பாய்!" சொல்லும் வரை யாரும் வாய் வைக்கக் கூடாது. பாட்டில் பீர் என்றால் உங்கள் கிளாஸில் நீங்களே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார்.

கொரியாவில் வயதில் மூத்தவருக்கு ஊற்றும்போதும், அவரிடம் வாங்கும்போதும் இரண்டு கைகளையும் பயன்படுத்த வேண்டும். குடிக்கும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள்வது மரியாதை. பெரியவர்களிடம் விபூதியை இரண்டு கையாலும் வாங்கிப் பழகிய நமக்கு இது ஒன்றும் கஷ்டம் இல்லை. சீனாவில் கிளாஸ்களை முட்டும்போது, உங்கள் கிளாஸின் விளிம்பு பெரியவரின் கிளாஸ் விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஹங்கேரியில் பீர் கிளாஸை முட்டும் முன் யோசியுங்கள். 1849 அக்டோபர் 6-ல் ஹங்கேரி புரட்சிப் படையின் 13 தளபதிகளை ஆஸ்திரியர்கள் அராட் நகரில் கொன்றார்கள். அதைக் கொண்டாட ஆஸ்திரியர்கள் பீர் கிளாஸ்களை முட்டினார்கள் என்றும், 150 வருடங்களுக்கு நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்று ஹங்கேரியர்கள் சபதம் போட்டார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கெடு 1999-லேயே முடிந்துவிட்டது. இன்றும் பலர் முட்டுவதில்லை.

பிரேசிலில் 600 மி.லி பாட்டிலை நடுவில் வைத்து, ஆளுக்கொரு சின்ன கிளாஸில் பகிர்ந்துகொள்வார்கள். அங்கே 'எனக்கொரு பாட்டில்' என்று தனியாகக் கேட்டு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தால் விநோதமாகப் பார்ப்பார்கள்.

'போதும்' என்று சொல்வது எப்படி?

எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதி இதுதான். பிரிட்டனில் நீங்கள் எழுந்து போய்க் கேட்டால்தான் அடுத்த கிளாஸ். ஆனால், சில ஊர்களில் நீங்கள் நிறுத்தச் சொல்லும் வரை வந்துகொண்டே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் பர்ஸுக்கும் ஆபத்து, உடம்புக்கும் ஆபத்து.

கொலோன்: 'கோபெஸ்' என்று அழைக்கப்படும் நீல உடை சப்ளையர், வட்டத் தட்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு சுற்றுவார். உங்கள் கிளாஸ் காலியானால் கேட்காமலே புதியதை வைத்து, அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். நிறுத்த வேண்டுமா? அட்டையை எடுத்து கிளாஸின் மேல் மூடிவிடுங்கள். அதுதான் சிக்னல். கோபெஸ்கள் கிண்டலுக்குப் பெயர்போனவர்கள். தண்ணீர் கேட்டால் ஏதாவது நக்கலாகச் சொல்வார்கள். சிரித்துவிட்டுக் கேட்டு வாங்குங்கள்.

பிராக்: பாரம்பர்யமான பப்களில் இதே முறைதான். கொஞ்சம் மிச்சம் வைத்தால்கூட அடுத்தது வந்துவிடும். அட்டையால் மூடலாம், அல்லது வருபவரிடம் நேரடியாகச் சொல்லிவிடலாம்.

ஜப்பான்: காலி கிளாஸ் என்றால் 'இன்னும் ஊற்று' என்று அர்த்தம். நிறுத்த வேண்டும் என்றால் கிளாஸை நிறைத்தபடியே வைத்திருங்கள். முதல் ரவுண்டிலேயே ஊலாங் டீ கேட்பதும் சகஜம். கட்டாயப்படுத்திக் குடிக்கவைப்பதை 'ஆல்கஹால் ஹராஸ்மென்ட்' என்பதன் சுருக்கமாக 'அருஹரா' என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது என்பதே, சங்கடப்பட்டவர்கள் நிறைய பேர் என்பதைச் சொல்கிறது.

ஜெர்மனி: குடிக்காதவர்களுக்குச் சட்டமே துணை நிற்கிறது. எந்த மதுக்கூடமாக இருந்தாலும், மலிவான மதுவைவிட விலை கூடாத ஆல்கஹால் இல்லாத பானம் ஒன்றாவது மெனுவில் இருக்க வேண்டும். மக்கள் இதை 'ஆப்பிள் ஜூஸ் சட்டப்பிரிவு' என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். ஆல்கஹால் இல்லாத பீரும் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும்.

காரணம் சொல்ல வேண்டுமா என்று தயங்குகிறீர்களா? தேவையே இல்லை. 'மாத்திரை சாப்பிடுறேன்', 'விரதம்' என்று கதை கட்டினால், "அப்போ அடுத்த வாரம்?" என்ற கேள்வி வரும். "நான் குடிக்கிறதில்லை, எனக்கு ஜூஸ் போதும்" என்ற ஒற்றை வரி எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும். ஆபீஸ் நட்புக்காக பாருக்குப் போவது வேறு, ஆபீஸ் நட்புக்காகக் குடிப்பது வேறு. கூடப்போய் உட்கார்ந்து சிரித்துப் பேசினாலே அழைத்தவர்களுக்குச் சந்தோஷம்தான்.

கிளம்பும் முன் சில எண்கள்

- பீர் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது: ஜெர்மனி 16, பிரிட்டன் 18, கொரியா 19, ஜப்பான் 20, அமெரிக்கா 21. தமிழ்நாட்டிலும் 21.

- வாகனம் ஓட்டுபவரின் 100 மி.லி ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால்: இங்கிலாந்து 80 மி.கி, ஸ்காட்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரேலியாவில் 50, இந்தியா, ஜப்பானில் 30. செக் குடியரசிலும் ஹங்கேரியிலும் பூஜ்யம். அங்கே ஒரு வாய் பீர் குடித்தாலும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

- ஜப்பானில் குடித்துவிட்டு ஓட்டுபவர் மட்டுமல்ல, அவர் ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே மது கொடுத்தவர், தெரிந்தே அந்த வண்டியில் ஏறியவர் ஆகியோருக்கும் தண்டனை உண்டு.

- 'பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை' என்பதுதான் மது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. 200 மி.லி கிளாஸுக்கும் ஒரு லிட்டர் கிளாஸுக்கும் சேர்த்துத்தான்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குத் தீங்கானது.)